தோசைக்கல் பழக்குவது, துருவிலிருந்து காப்பது: மும்பைத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டதும் யாராவது ஒருவர் துருப்பிடித்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுடவா?" என்று கேட்பார். போடாதீர்கள். வார்ப்பிரும்பு உடைந்தால்தான் போச்சு, துருவெல்லாம் ஒரு நாள் வேலை. இத்தனை வருடமாக வாசலில் நின்றே சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வார்ப்பிரும்பும் சாதா இரும்பும் ஒன்றுதானா? கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது?

ஒன்றில்லை. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பிரும்பு. அதில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்திருக்கும், அதனால்தான் கெட்டியாக இருந்தும் கீழே விழுந்தால் மண்பாண்டம் மாதிரி உடைகிறது. தகட்டை அடித்து வளைத்துச் செய்வது இன்னொன்று. அது மெல்லிசு, விழுந்தால் நசுங்கும், உடையாது. பழக்குவது இரண்டுக்கும் பொதுதான், ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் வார்ப்பிரும்புக்குப் பக்கத்தில் தகடு வர முடியாது.

மும்பையில் வாங்கும்போது ஒரு சொல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "லோகண்ட் தவா" என்று கேட்டால் பெரும்பாலும் தகட்டுக் கல்லைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "பிடாச்சா தவா" என்று கேளுங்கள். மராத்தியில் வார்ப்பிரும்புக்கு பீட் என்று பெயர். கொங்கண் பக்கத்துக்காரர்கள் காவன், ஆம்போளி எல்லாம் வார்ப்பது இதில்தான், ஆம்போளி என்பது கிட்டத்தட்ட நம் தோசைதான், அதனால் கடைக்காரருக்கு நமக்கு என்ன வேண்டும் என்று சட்டென்று புரிந்துவிடும். மாட்டுங்கா மார்க்கெட், தாராவி 90 அடி ரோடு பக்கம் என்றால் தமிழிலேயே கேட்கலாம்.

எடுத்துப் பார்க்கும்போது மூன்று விஷயம். சமதளத்தில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள், ஆடக்கூடாது. விரல் கணுவால் தட்டுங்கள், மணி மாதிரி நீளமாக ஒலித்தால் நல்லது, மொட்டென்று அடங்கினால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. தோசை ஊற்றுகிற பரப்பில் குழிகள் இருக்கக்கூடாது. லேசான சொரசொரப்பு இருந்தால் பரவாயில்லை, அது பழகப் பழக நிரம்பிவிடும்.

பழக்குவது என்கிறார்களே, உண்மையில் என்ன நடக்கிறது?

எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைத் தொட்டுப் பாருங்கள். அதில் படிந்த எண்ணெய் முதலில் பிசுபிசுவென்று இருக்கும், மாதங்கள் போனால் அரக்கு மாதிரி இறுகிவிடும், சுரண்டினால்கூட வராது. அதே வேலையைத்தான் கல்லின் மேல் நாம் வேண்டுமென்றே செய்கிறோம், நல்ல சூட்டில் ஒரு மணி நேரத்தில். மெல்லிசாகத் தடவிய எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எண்ணெயாகவே இல்லாமல் கெட்டியான ஒரு பூச்சாக மாறுகிறது. பாலிமர் என்று சொல்வது இதைத்தான். இரும்பின் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு உட்காரும் இந்தப் பூச்சு, தண்ணீரையும் மாவையும் இரும்பைத் தொட விடாது. பூச்சு முழுசாக இருக்கும்வரை துருவும் இல்லை, ஒட்டலும் இல்லை.

பூச்சு ஒரே நாளில் முழுசாக வந்துவிடாது. முதல் நாள் செய்வது அஸ்திவாரம் மட்டும், மிச்சமெல்லாம் தினசரி தோசை ஊற்ற ஊற்றச் சேருவது.

புதுக் கல் வாங்கி வந்துவிட்டேன். முதலிலிருந்து சொல்லுங்கள்.

முதலில் கழுவுங்கள். கடையில் துருப்பிடிக்காமல் இருக்க ஏதோ எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள், அச்சு மணலும் கரித்தூளும் ஒட்டியிருக்கும். சோப்பு, வெந்நீர், கம்பி நார் மூன்றும் போட்டு இரண்டு மூன்று தடவை நன்றாகத் தேய்த்து, கழுவின தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். இதன் பிறகு கம்பி நாரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், துருப்பிடித்தால் தவிர இனி அதற்கு வேலையில்லை.

துடைத்த உடனே அடுப்பில் வைத்துச் சின்னத் தீயில் 5 நிமிடம் காய விடுங்கள். துணியால் துடைத்தாலே காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அந்தப் பொடிப்பொடித் துளைகளுக்குள் தண்ணீர் நிற்கும்.

கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பழைய பருத்தித் துணியால் முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடி, விளிம்பு எல்லா இடமும் தேயுங்கள். பிறகு காய்ந்த துணியை எடுத்து, தடவிய எண்ணெயைத் தவறுதலாகக் கொட்டிவிட்டது போல நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் துடைத்து எடுங்கள். எண்ணெயே இல்லையே என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்புப் பண்ணுவது இந்த இடத்தில்தான்: தாராளமாக விட்டால் நல்லது என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள், கடைசியில் கல் ஃபேன் இறக்கை மாதிரியே பிசுபிசுக்கிறது.

அப்புறம் சூடு. ஓவன் இருந்தால் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கவிழ்த்துப் போட்டு, அணைத்த பிறகு உள்ளேயே ஆற விடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் கேஸ் அடுப்பே போதும். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, நடுத்தரத் தீயில் வையுங்கள். புகை வர ஆரம்பித்து, வந்து, தானாகக் குறைந்து அடங்கும்வரை விட வேண்டும். தீ நடுவில் மட்டும்தான் படும் என்பதால் கல்லை அவ்வப்போது நகர்த்தி ஓரங்களுக்கும் தீயைக் காட்டுங்கள், 12 அங்குலக் கல்லாக இருந்தால் இதைச் செய்யாமல் ஓரம் பழகவே பழகாது. ஆறியதும் திரும்ப எண்ணெய், துடைப்பு, சூடு. மூன்று நான்கு சுற்று. சாம்பல் நிறம் முதலில் காப்பிப் பொடி நிறமாகி, பிறகு கறுப்புக்குப் போகும்.

கடைசியாக இரண்டு பெரிய வெங்காயத்தை நறுக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு அந்தக் கல்லிலேயே கருகக் கருக வதக்கிக் கொட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் இரும்பு வாடை இதில் போய்விடும்.

ஊரில் அரிசி கழுவின தண்ணீரிலும் வடிகஞ்சியிலும் ஊறப்போடுவார்களே, அது தேவையில்லையா?

அது நல்ல முறைதான். புளித்த கழுநீரின் லேசான புளிப்பு, அச்சுத் தூசியையும் மேல்துருவையும் இளக்கிவிடும், தினமும் தண்ணீரை மாற்றி நாலைந்து நாள் போட்டுத் தேய்த்தால் கல் சுத்தமாகும். ஆனால் அது சுத்தம் செய்யும் வேலை, பூச்சு ஏற்றும் வேலை இல்லை. ஊறப்போட்டு எடுத்ததோடு நிறுத்திவிட்டு "கஞ்சியில் போட்டும் ஒட்டுதே" என்கிறார்கள். எண்ணெயும் சூடும் அதற்குப் பிறகு கட்டாயம் வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் மழை மாதங்களில் நான் ஊறப்போட மாட்டேன், எடுத்து வைப்பதற்குள் புதுத் துரு வந்துவிடும்.

எந்த எண்ணெய் நல்லது?

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். சீக்கிரம் இறுகும், அதிக சூடு தாங்கும், எல்லா வீட்டிலும் இருக்கிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பரவாயில்லை, நம் பாட்டிமார் நல்லெண்ணெயிலேயேதான் பழக்கினார்கள், கொஞ்சம் கூடுதல் சுற்று ஆகும், அவ்வளவுதான். ஆளி விதை எண்ணெய் கண்ணாடி மாதிரி இறுகும் என்று சிலர் தேடி வாங்குகிறார்கள். இறுகுவது உண்மை, ஆனால் நொறுங்கிச் செதில் செதிலாக உரிகிற வழக்கமும் அதற்கு உண்டு, தினமும் திருப்பி உரசுகிற தோசைக்கல்லுக்கு நான் சொல்ல மாட்டேன். தேங்காயெண்ணெய் எளிதில் இறுகாது, பழக்குவதற்கு வேண்டாம். ஆனால் அதே குணத்தால் அது சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்காது, கல்லைக் கொஞ்ச நாள் எடுத்து வைக்கும்போது தடவ அதுதான் தோது.

"ஏற்கெனவே பழக்கியது" என்று அட்டையில் போட்டு விற்கிறார்களே?

கழுவிக் காயவைத்து, இன்னும் இரண்டு சுற்று நீங்களும் ஏற்றுங்கள். தொழிற்சாலையில் ஏற்றிய மெல்லிய பூச்சு துருவைத் தடுக்கப் போதும், முதல் தோசைக்குப் போதாது.

எல்லாம் செய்தும் தோசை ஒட்டுகிறது. ஏன்?

முதலில் சூட்டைப் பாருங்கள். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், ஏறிய பிறகு இறங்கவும் இறங்காது. அலுமினியக் கல்லில் பழகினவர்கள் இரண்டு நிமிடத்தில் மாவை ஊற்றிவிடுகிறார்கள், அப்போது நடுவில் மட்டும்தான் சூடு இருக்கும். நடுத்தரத் தீயில் ஆறேழு நிமிடம் கொடுங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உடனே வற்ற வேண்டும். ஊற்றின மாவு கல்லோடு அப்பிக்கொண்டால் சூடு போதவில்லை. மாவு கரண்டியோடு சுருண்டு சுருண்டு வந்தால் சூடு அதிகம், தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை நேரே ஊற்றாதீர்கள், அரை மணி நேரமாவது வெளியே இருக்கட்டும்.

இரண்டாவது காரணம், மும்பையில் நான் அதிகம் பார்ப்பது: அதே கல்லில் சப்பாத்தி. சப்பாத்தி போடும்போது கல் எண்ணெயில்லாமல் காய்ந்து கொதிக்கிறது, உதிர்ந்த மாவு கருகிப் படிகிறது, ஏற்றி வைத்த பூச்சு எரிகிறது. மறுநாள் தோசை வராது. தோசைக்கு ஒரு கல், சப்பாத்திக்கு ஒரு கல் என்று நம் வீடுகளில் பிடிவாதமாகச் சொல்வது வெறும் சாஸ்திரம் இல்லை. இடம் இல்லாத ஒரு அறை சமையலறை என்றாலும் சப்பாத்திக்கு ஒரு மெல்லிசான தகட்டுக் கல் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

புதுக் கல்லில் முதல் வாரம் மெல்லிய பேப்பர் தோசைக்கு ஆசைப்படாதீர்கள். ஊத்தப்பம், அடை, கொஞ்சம் எண்ணெய் தாராளமாக விட்ட ஆம்லெட் என்று போகட்டும்.

சோப்புப் போட்டுக் கழுவலாமா?

தாராளமாக. சோப்பே படக்கூடாது என்பது காரம் அதிகமான பழைய சோப்புக் காலத்துப் பேச்சு. இப்போதைய பாத்திரம் கழுவும் திரவம் இறுகிப்போன பூச்சை ஒன்றும் செய்யாது. தினமும் தேவையும் இல்லை, துணியால் துடைத்தாலே போதும். அடியில் பிடித்திருந்தால் கல்லுப்பு ஒரு பிடி, கொஞ்சம் எண்ணெய், ஒரு துணி, தேய்த்தால் வந்துவிடும். பாத்திரம் கழுவும் மெஷினில் மட்டும் போடவே போடாதீர்கள்.

பாத்திரம் தேய்க்க வரும் மாவ்ஷி தினமும் கம்பி நார் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடுகிறாரே?

அவர் மேல் தப்பில்லை, கறுப்பு என்றால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார். கல்லை அவருடைய கூடையில் போடாமல் நீங்களே துடைத்து அடுப்பிலேயே விட்டுவிடுங்கள். "பிடாச்சா தவா, காஸு நகா" என்று ஒரு தடவை சொன்னாலும் போதும், தேய்க்காதீர்கள் என்று அர்த்தம். அவர் வீட்டிலும் ஒன்று இருந்தால் நமக்கே சொல்லிக்கொடுப்பார்.

மழைக்காலத்தில் என்ன செய்தாலும் துருப்பிடிக்கிறது. மீட்க முடியுமா?

முடியும். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. மும்பையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, கடலோர ஊர் என்பதால் உப்பும் சேர்ந்துகொண்டு வேகத்தைக் கூட்டுகிறது. ஊரில் பத்து வருடம் சும்மா கிடந்த கல் இங்கே பத்து நாளில் செம்மண் நிறமாகிறது.

எங்கள் வீட்டுக் கல் அம்மா திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில், பழைய சேலையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. ஒரு ஜூலை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் கழுவி, ஈரத்தோடு சிங்க்குக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். பதினைந்து நாள் கழித்து எடுத்தால், மேலே கவிழ்த்திருந்த மூடி பட்ட இடமெல்லாம் வட்டமாகத் துரு, நடுவில் விரல் வைத்தால் பொடியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர் படாமல் முதலில் காய்ந்த கம்பி நாரால் தேய்த்துப் பொடியைத் தட்டினேன். அப்புறம் எலுமிச்சம்பழ அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, அந்தப் புளிச் சக்கையாலேயே தேய்த்தேன். புளிப்பு துருவைக் கரைத்துவிடும். புளிக்குப் பதில் பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்தும் ஊறவைக்கலாம், ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும், ராத்திரி முழுக்கப் போட்டால் துருவோடு இரும்பையும் அரித்துவிடும். கழுவி, உடனே அடுப்பில் ஏற்றிக் காயவைத்து, எண்ணெய் தடவி வெள்ளைத் துணியால் துடைத்தேன். முதல் துணி செங்கல் நிறம். இரண்டாவது டீ நிறம். மூன்றாவது சாம்பல். நான்காவது துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது, அதற்குப் பிறகுதான் நான்கு சுற்று சூடு ஏற்றினேன். மூன்றாம் நாள் தோசை ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டது. இப்போதும் அதே கல்தான்.

இனி வராமல் இருக்க: கழுவிய ஒவ்வொரு தடவையும் அடுப்பில் மூன்று நிமிடம். சூடாக இருக்கும்போதே நாலு சொட்டு எண்ணெய், துடைப்பு. சிங்க்குக்குக் கீழே வைக்காதீர்கள், அந்த வீட்டிலேயே ஈரமான இடம் அதுதான். மேலே மூடி போட்டு மூடாதீர்கள். அடுக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் செய்தித்தாள் ஒன்று. தினமும் பயன்படுத்துகிற கல்லுக்கு இதெல்லாம்கூட வேண்டாம், அடுப்பிலேயே இருக்கட்டும்.

கல் பிசுபிசுவென்று இருக்கிறது, துணி ஒட்டுகிறது.

எண்ணெய் அதிகமாகிப் பாதியில் நின்றுவிட்டது. எண்ணெய் விடாமல், புகை அடங்கும்வரை இன்னொரு சுற்று சூடாக்குங்கள். அப்படியும் இருந்தால் உப்புப் போட்டுத் தேய்த்து அந்தப் படலத்தை எடுத்துவிட்டு, மெல்லிசாக மறுபடி ஏற்றுங்கள்.

தோசையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறதே, உடம்புக்கு ஆகுமா?

கருகிய மாவும் எண்ணெயும்தான், ஒன்றிரண்டு துணுக்கு வயிற்றுக்குள் போனால் பயமில்லை. ஆனால் தொடர்ந்து வருகிறது என்றால் கல் தேய்த்துக் கழுவச் சொல்கிறது என்று அர்த்தம். செதிலாக உரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பழக்குங்கள்.

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு செய்யலாமா?

இலுப்பச்சட்டி என்று நாம் சொல்வதே இருப்புச் சட்டி, அதாவது இரும்புச் சட்டிதான், பேச்சில் திரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதில் வறுத்தார்கள், வதக்கினார்கள், பொரித்தார்கள். குழம்பு கொதித்தது மண்சட்டியிலும் கல்சட்டியிலும். காரணம் இருக்கிறது. புளிப்பு பூச்சை அரித்துவிடும், குழம்பில் இரும்பு வாடை ஏறும், புளியில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து குழம்பையே கறுக்கவைக்கும். வாழைக்காய் வதக்கினாலும் கறுப்பது இதனால்தான். நன்றாகப் பழகிய சட்டியில் கடைசியில் இரண்டு தக்காளி போட்டுப் புரட்டி இறக்குவதில் தப்பில்லை. கொதிக்க விடாதீர்கள், சமைத்ததை அதிலேயே மறுநாள் வரை வைக்காதீர்கள்.

இரும்புச் சத்து கிடைக்கும் என்கிறார்களே?

கொஞ்சம் கிடைக்கும். புளிப்பும் ஈரமும் உள்ள பண்டத்தில் கூடுதலாக இறங்கும், நன்றாகப் பழகிய கல்லில் சுட்ட தோசையில் குறைவாக. ரத்தசோகை இருந்தால் டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக இதை நம்பி இருந்துவிடாதீர்கள். தலசீமியா போல உடலில் இரும்பு தேங்கும் நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இண்டக்ஷன் அடுப்பில் வைக்கலாமா?

வைக்கலாம், நன்றாகவே பிடிக்கும். குறைந்த அளவில் ஐந்து நிமிடம் சூடேற்றிவிட்டுக் கூட்டுங்கள். எடுத்ததும் முழு வேகத்தில் வைத்தால் நடு மட்டும் கொதித்துக் கல் விரிசல் விடலாம். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். விரிசல் விடும் என்பதால்தான் கொதிக்கிற கல்லைக் குழாயடியிலும் காட்டக்கூடாது, ஆற விட்டுக் கழுவுங்கள்.

பணியாரக்கல்லும் ஆப்பச்சட்டியும்?

அதே முறைதான், குழிகள்தான் கஷ்டம். குழியில் எண்ணெய் தேங்கி அடியில் பிசுக்குப் பிடிக்கும், அதனால் துணியைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு குழியையும் தனியாகத் துடையுங்கள், ஓவன் இருந்தால் கவிழ்த்துப் போடுவது உத்தமம். முதல் இரண்டு ஈடு பணியாரம் சிதைந்துதான் வரும். ஆப்பச்சட்டியைத் தோசைக்கோ பொரிப்பதற்கோ எடுக்காதீர்கள், ஆப்பம் ரொம்பச் சன்னமானது, கொஞ்சம் பூச்சு போனாலும் ஓரம் வராது.

மாமியாருக்குக் கை வலி, 3 கிலோ கல்லைத் தூக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

10 அங்குலக் கல் வாங்குங்கள், இரண்டு பக்கமும் காது வைத்தது. ஒற்றைக் கைப்பிடி வைத்ததை ஒரு கையால் தூக்கும்போதுதான் மணிக்கட்டு போகிறது. கழுவாமல் துடைக்கிற பழக்கத்துக்கு வந்துவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கவே வேண்டாம்.

விரிசல் விட்ட கல்லை ஒட்டவைக்க முடியுமா?

வீட்டில் முடியாது, வெளியே பற்றவைத்தாலும் சூட்டில் திரும்ப விடும். இதை மட்டும் பழைய இரும்புக்குப் போடலாம்.

மே மாதம் ஊருக்குப் போனால் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

கிளம்புவதற்கு முதல் நாளே செய்யுங்கள், கிளம்புகிற காலையில் வேண்டாம். நன்றாகக் கழுவி, அடுப்பில் ஐந்து நிமிடம் காயவைத்து, தேங்காயெண்ணெய் மெல்லிசாகத் தடவித் துடைத்து, இரண்டு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டு ஒரு கழுவு, ஒரு சுற்று சூடு, அன்றைக்குச் சாயந்திரமே அடை ஊற்றலாம்.